வெள்ளைக் கையுறையும் வண்ண அட்டையும்

வாரம் ஒருமுறை மாணவிகள் எல்லாரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கூடத்தில் கூடுகிறார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் முன்னே போய், முழங்கால் மடக்கி வணங்கி, ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அட்டையின் நிறமே போதும். அந்த வாரம் அவள் நல்லவளா, சுமாரா, கெட்டவளா என்று கூடத்துக்கே தெரிந்துவிடும். கணக்குக்கும் பிரெஞ்சுக்கும் அங்கே பேச்சில்லை. அட்டை நடத்தைக்கு மட்டும். அன்டோனியா வைட் 1933-இல் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட் இன் மே' நாவலின் பள்ளியில் இது வாராவாரம் நடக்கும் சடங்கு.

நான் படித்த மடத்துப் பள்ளியில் கையுறை கிடையாது. நம்மூர்ப் புழுக்கத்துக்கு அது தாங்காது. ஆனால் ரேங்க் கார்டின் அடியில் 'ஒழுக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றக் கட்டங்களில் எண், அதில் மட்டும் ஒரு சொல். எண் குறைந்தால் அம்மா திட்டுவாள். அந்தச் சொல் மாறினால் பேசவே மாட்டாள். அதனால்தானோ என்னவோ, கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கட்டத்தை அந்த ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்பதைத்தான்.

இந்த வகை எழுத்தில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு இரண்டு: கொடுமை, ஏக்கம். பிரம்போடு நிற்கும் கண்டிப்பான சிஸ்டரை யாரும் எழுதிவிடலாம். நம் சினிமாவே நூறு முறை எழுதியிருக்கிறது. மாதா கெபியருகில் மல்லிகை வாசம், மாலைச் செபமாலை, பியானோ ஒலி என்று ஏக்கத்தையும் எவரும் கிளப்பிவிடலாம். அரிதானது மூன்றாவது ஒன்று. இந்தப் பள்ளி இவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, அதற்கு விலையாக எதை வாங்கிக்கொண்டது, இரண்டையும் ஒரே பார்வையில் நூல் நிறுத்துகிறதா? என் அளவுகோல் இதுதான். எட்னா ஓ'பிரையனின் 'தி கன்ட்ரி கேர்ள்ஸ்' (1960) துடிப்பான நூல். ஆயினும் அதில் மடத்துப் பள்ளி தப்பித்துப் போவதற்கான இடம் மட்டுமே. புனிதப் படம் ஒன்றில் ஆபாசமாக எழுதி அந்தப் பெண்கள் தப்பித்தும் விடுகிறார்கள். பாடம் என்று ஒன்று நடந்ததாக நினைவில் நிற்பதில்லை. மேரி மெக்கார்த்தியின் 'மெமரீஸ் ஆஃப் எ கேதலிக் கேர்ள்ஹூட்' (1957) கூர்மையானது. ஆனால் அதன் அக்கறை பள்ளியைவிட நினைவின் நம்பகத்தன்மை மீது. என் அளவுகோலை நேருக்கு நேர் சந்திக்கும் நாவல்கள் இரண்டு: வைட்டினுடையது ஒன்று, கேட் ஓ'பிரையன் 1941-இல் எழுதிய 'தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்' மற்றொன்று. அவற்றோடு தமிழில் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு' (1992) ஒரு வழக்குரைஞரைப்போல எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கிறது.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நடக்கும் கதைகள் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தனியார் ஆங்கிலப் பள்ளி எதுவானாலும், பிள்ளையார் படம் மாட்டிய பள்ளியானாலும், 'கான்வென்ட்' என்றே பெயர்ப் பலகை வைக்கும் ஊர் இது. அந்தச் சொல்லும் அதன் மோகமும் ஐரோப்பிய மடங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. அயர்லாந்தின் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தது 1842-இல். 1909-இல் தொடங்கிய சர்ச் பார்க் பள்ளியும் அவர்களுடையதே. கேட் ஓ'பிரையனின் நாவலில் வரும் மெல்லிக் என்ற கற்பனை அயர்லாந்து நகரத்தின் மடத்துக்கும் நம் மடங்களுக்கும் நூலிழை உறவு உண்டு.

முதலில் வைட். கதை 1908-இல் தொடங்குகிறது. ஒன்பது வயது நாண்டா கிரே லிப்பிங்டனில் உள்ள 'ஐந்து காயங்கள்' கன்னியர் மடத்துப் பள்ளிக்கு வருகிறாள். தந்தை புதிதாகக் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். மகளும் அவரோடு மாறியவள். சக மாணவிகளோ ஐரோப்பாவின் பழைய கத்தோலிக்கப் பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள். மதத்தில் புதியவள், அந்தஸ்தில் நடுத்தரம் என்ற இந்த இரட்டை அந்நியம்தான் நாவலின் கண். பிறப்பிலேயே கத்தோலிக்கரான தோழி லியோனிக்கு விசுவாசம் பழைய வீட்டு நாற்காலி. காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டும் உட்காரலாம். நாண்டாவுக்கு அது கடன் வாங்கிய நகை, தொலைத்துவிடுவோமோ என்ற அச்சம் எப்போதும் கூடவே இருக்கும். பள்ளியின் ஒவ்வொரு விதியையும் அவள் நுணுகிக் கவனிப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் விவரணை எங்கும் செயற்கையாக ஒலிப்பதில்லை.

விவரணைதான் இந்நூலின் பெருஞ்சாதனை. மாணவிகள் இரவில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்; தூக்கத்தில் சாவு வந்தாலும் அழகாக வர வேண்டும் அல்லவா? குளிக்கும்போது தன் உடம்பைத் தானே பார்க்காதபடி ஓர் அங்கி. இருவர் தனியாகப் பேசிக்கொண்டே நடக்கக் கூடாது, மூன்றாமவள் வேண்டும். 'தனிநட்பு' அன்புக்கு எதிரானது. வைட் இவற்றில் எதையும் கண்டித்து ஒரு வரி எழுதவில்லை. அறிக்கை எழுதும் அதிகாரியின் நிதானத்தோடு அடுக்கிக்கொண்டே போகிறார்.

ஓர் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாராகும் சிறுமிகளுக்கு ஒரு மதர் கதை சொல்கிறார். முன்னொரு முறை புதுநன்மை வாங்கப் போன ஒரு குழந்தைக்குத் தலையில் முக்காட்டைப் பொருத்தியபோது ஊசி காதிலேயே குத்திவிட்டது. குழந்தை வாய் திறக்கவில்லை. அதுவும் புதுநன்மைச் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டதாம். மதர் இதை வீரத்தின் உதாரணமாகச் சொல்கிறார். கேட்கும் சிறுமிகளும் அப்படியே கேட்கிறார்கள். வாசகருக்கு மட்டும் முதுகு சில்லிடுகிறது. முரண்நகை முழுவதும் நமக்கும் பாத்திரங்களுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் வேலை செய்கிறது. இதற்குத் துணையாக, நாண்டாவின் சொந்தப் புதுநன்மையின்போது அவள் பெரிதாக எதையும் உணர்வதில்லை. எதிர்பார்த்த பரவசம் வரவில்லை, வறட்சிதான் மிச்சம்; அது தன் குற்றம் என்று எண்ணிக்கொள்கிறாள். சிறுமியின் நோக்குநிலையை ஆசிரியர் ஒருமுறைகூட மீறவில்லை. அவள் அறியாததை நாம் அறிந்துகொள்ள விடுகிறார், அவ்வளவே. உரைநடையில் இத்தனை கட்டுப்பாடு எளிதல்ல.

இந்தக் கட்டுப்பாட்டை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? மடம்தான். அன்றாட ஆத்தும சோதனை என்பது ஒரு எழுத்துப் பயிற்சி: இன்று செய்ததை வரிசைப்படுத்து, நோக்கத்தைப் பிரித்துப் பார், மிகைப்படுத்தாதே, சாக்குச் சொல்லாதே. வைட் அந்தப் பள்ளியைப் பார்க்கும் பார்வையே அந்தப் பள்ளி தந்த பார்வை. நூலின் ஆழமான முரண் இங்கே இருக்கிறது. குறையும் இங்கேதான்: நாவல் இதை அறிந்ததாகத் தெரியவில்லை. லிப்பிங்டனில் வகுப்பறைகள் உண்டு, பாடங்கள் உண்டு. ஆனால் ஒரு பாடம் நாண்டாவின் மனத்தை எப்படித் திறந்தது என்ற காட்சி இல்லை. கவிதை அவளைத் தொடுகிறது, அதுவும் பாடவேளைக்கு வெளியே, தோழிகளின் வழியாக. மதர்கள் விழிப்பார்கள், கவனிப்பார்கள், தடுப்பார்கள், கற்பிப்பது அபூர்வம். முந்நூறு பக்கத்துக்கும் குறைவான நூலில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கக் கூடாதுதான். ஆனால் பள்ளியை எழுதுகிறவர் கற்பித்தலை விட்டுவிட்டால் எஞ்சுவது சிறைச்சாலை. அழகான, மெழுகு வாசம் வீசும் சிறைச்சாலை.

முடிவைப் பற்றியும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாண்டா ரகசியமாக ஒரு நாவல் எழுதத் தொடங்குகிறாள். பாத்திரங்கள் பொல்லாதவர்களாக இருந்து கடைசியில் மனம் திரும்ப வேண்டும் என்பது திட்டம். எழுதி முடித்தது பொல்லாத பகுதியை மட்டும். கையெழுத்துப்படி மதர்களிடம் சிக்குகிறது. தந்தை வரவழைக்கப்படுகிறார். அவர் மகளிடம் பேசும் பேச்சுதான் உண்மையான தண்டனை. மடத்தின் தண்டனையைவிடக் கொடியது. பிறகு அந்த மதர்களுள் ஒருவரான மதர் ராட்கிளிஃப் தன் தத்துவத்தைச் சொல்கிறார்: மனித சித்தம் முற்றாக முறிந்து மறுபடி பொருத்தப்பட்டால்தான் கடவுளுடைய சித்தத்தோடு இசையும். அதிர வைக்கும் கட்டம், மறுக்க முடியாது. ஆனால் நாவல் அதுவரை பொறுமையாகக் கட்டிய சமநிலையை இந்த ஒரே அடி குலைத்துவிடுகிறது. மதர் ராட்கிளிஃப் அந்த இடத்தில் மனுஷியாக இல்லை, ஒரு கோட்பாட்டின் குரல். அவருடைய சித்தம் எப்போது, யாரால் முறிக்கப்பட்டது என்ற கேள்வியை வைட் எழுப்பவே இல்லை.

எலிசபெத் போவன் 1948-இல் எழுதிய முன்னுரையில் பள்ளிக்கதைகளுக்குள் கலைப்படைப்பாக உயர்ந்தது இதுவே என்ற அளவுக்குப் போகிறார். கலைப்படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. பள்ளிக்கதைகளின் உச்சம் என்பதை ஏற்க மாட்டேன். 1978-இல் விராகோ பதிப்பகம் தன் 'மாடர்ன் கிளாசிக்ஸ்' வரிசையை இந்நூலோடு தொடங்கியபோது பெண்ணிய வாசகர்கள் இதை மதத்துக்கு எதிரான குற்றப்பத்திரிகையாகப் படித்தார்கள். அதுவும் ஒருகண் பார்வை. வைட் 1940-இல் மறுபடி கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். 1933-க்கும் 1950-க்கும் இடையில் ஒரு நாவல்கூட வரவில்லை. வாழ்க்கைச் செய்தியைக் கொண்டு நூலை அளக்கக் கூடாது என்பது சரி. ஆனால் நூலை வெறும் எதிர்ப்பாகச் சுருக்குகிறவர்களுக்கு இந்த இரண்டு செய்திகளும் ஒரு கடிவாளம். அந்த மடம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை.

இனி கேட் ஓ'பிரையன். லிமெரிக்கில் பிறந்தவர்; தாய் இறந்தபின் ஐந்து வயதிலேயே லாரல் ஹில் மடத்துப் பள்ளியில் விடுதி மாணவியானவர். வைட்டைவிட இளமையில் போனார், நீண்ட காலம் இருந்தார். ஆனால் அவர் செய்த முதல் காரியமே வைட் செய்யத் துணியாதது: கதையின் மையத்தில் மாணவியை மட்டும் வைக்காமல் மதர் சுப்பீரியரையும் வைத்தார். 1904 முதல் 1914 வரை நீளும் கதையில் இரண்டு நோக்குநிலைகள். ஒன்று, ஆறு வயதில் விடுதிக்கு வரும் அன்னா மர்ஃபி. மற்றது, அயர்லாந்து மடத்துக்குத் தலைமை ஏற்றுள்ள ஆங்கிலப் பெண் ஹெலன் ஆர்ச்சர். ஊருக்கு அந்நியர், குளிர்ந்தவர் என்று எல்லாரும் எண்ணுகிற ஹெலன், பதவியிலிருந்து விடுவிக்கும்படி தாய்மடத்துக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தச் சமயத்தில் சிறுமி அன்னா ஒரு பழைய ஆங்கிலக் கவிதையை மனப்பாடமாக ஒப்புவிக்கக் கேட்கிறார். கடிதம் போவதில்லை.

மேம்போக்காகப் பார்த்தால் இது உருக்கமான தற்செயல். ஆனால் கவிதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஹெலனின் தந்தை பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிகளை ஆராய்ந்த அறிஞர். மகளுக்கு முதல் ஆசான் அவர்தான். பதினெட்டு வயதில் அவரை ஓர் இளைஞனின் அணைப்பில் கண்ட அதிர்ச்சியில்தான் ஹெலன் துறவறத்துக்குள் ஓடிப்போனார். ஆக, சிறுமி வாயிலிருந்து வரும் கவிதை, தான் வெறுத்து ஒதுக்கிய தந்தையின் குரல். கல்வி இந்த நாவலில் மன்னிப்பின் வழியாக வருகிறது. (அந்த அணைப்பைச் சொல்லும் ஒரே வாக்கியத்துக்காக அயர்லாந்தின் தணிக்கை வாரியம் நூலையே தடைசெய்தது. 1949-இல்தான் தடை நீங்கியது. ஒரு வாக்கியத்துக்கு எட்டாண்டு.)

நாண்டாவுக்கும் முதல் ஆசான் தந்தையே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வைட்டின் சொந்தத் தந்தை லண்டனில் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஆசிரியர். இரண்டு நாவல்களிலும் அறிவு வீட்டிலிருந்து, ஆணிடமிருந்து தொடங்குகிறது. மடம் வேறொன்றைத் தருகிறது. வைட் அதை ஒடுக்குமுறை என்று மட்டும் கண்டார். ஓ'பிரையன் இன்னொன்றையும் கண்டார்: பெண்கள் தாங்களே நடத்தும் ஒரு நிறுவனம். வரவு செலவு, பாடத்திட்டம், நியமனம், ஆயரோடு இழுபறி, தேசியம் பேசும் இளம் குருவானவரோடு மோதல், எல்லாவற்றையும் ஒரு பெண் முடிவெடுத்துச் செய்கிறாள். 1904-இல் அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ மடத்துக்கு வெளியே எத்தனை பெண்களுக்கு இந்த அதிகாரம் வாய்த்தது? அன்னா பல்கலைக்கழகம் போகப் பாட்டி குறுக்கே நிற்கும்போது, அந்தப் பாட்டியோடு மோதி வெல்வது மதர் சுப்பீரியர். வைட்டின் மதர் எழுதும் பெண்ணை வெளியேற்றுகிறார், ஓ'பிரையனின் மதர் படிக்கும் பெண்ணை வெளியே அனுப்பி வைக்கிறார். இரண்டும் உண்மைதான். இரண்டாவதை நம்பும்படி எழுதுவது கடினம், ஏனெனில் நல்லவர்களைச் சுவையாக எழுதுவது எப்போதுமே கடினம். ஹெலனை நல்லவராக்கியதோடு நிற்காமல் குற்ற உணர்வும் இறுக்கமும் அகந்தையும் உள்ளவராக்கியதால் ஓ'பிரையன் இதில் வெல்கிறார்.

என் அளவுகோலுக்கு நேராக நிற்பது நாவலின் பிற்பகுதிக் காட்சி ஒன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்து படிக்கும் பிலார் என்ற அழகிய, படிப்பில் மந்தமான பெண், மில்டனின் 'லிசிடஸ்' பாடலுக்கு விளக்கம் கேட்டு அன்னாவிடம் வருகிறாள். லிசிடஸ் நீரில் மூழ்கி இறந்த நண்பனுக்கான இரங்கற்பா. அன்னாவின் தம்பி சார்லி நீரில் மூழ்கி இறந்தவன். வரிவரியாகப் பொருள் சொல்லிக்கொண்டே வரும் அன்னா நிமிர்ந்து பார்க்கிறாள். பிலாரின் முகம் அவளுக்குத் திடீரென ஓர் ஓவியமாக, மொழியில் பிடித்தே தீர வேண்டிய ஒன்றாகத் தெரிகிறது. பாடநூல், தேர்வு, துக்கம், அழகு, எழுத்தின் பிறப்பு, எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி ஒரு மாலைக்குள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, அழவைக்கவில்லை. பள்ளியில் கற்றல் என்பது நடக்கும்போது இப்படித்தான் நடக்கிறது: இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எதிர்பாராமல், பாடத்தைவிட்டுச் சற்று விலகி. இதற்கு ஈடான ஒரு பக்கம் வைட்டிடம் இல்லை.

இதனால் ஓ'பிரையனின் குறைகளை மூடிமறைக்க முடியாது. கட்டமைப்பில் சமச்சீர் மிகை: அன்னாவும் ஹெலனும் ஒருவருக்கொருவர் கண்ணாடியாக இருக்கும்படி ஒவ்வொரு இழையும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, வாழ்க்கை இவ்வளவு பொருந்தி வராது. தம்பியின் மரணம் அக்காளின் கலைமனம் பழுக்கப் பயன்படுவது எனக்கு உறுத்துகிறது. பாட்டி வெறும் தடைக்கல். அவளுக்கென்று ஒரு நியாயம் இல்லை. நடையும் வைட்டின் கத்திமுனை அல்ல. பட்டுச் சரிகையாக மடிப்பு மடிப்பாய் விழுகிறது, பிரெஞ்சுத் தொடர்கள் வேறு.

இவற்றைவிடப் பெரிய குறை, லண்டன் விமர்சகருக்குப் படாமல் தமிழ் வாசகருக்குப் படுவது, மொழிப் பிரச்சினை. பள்ளியில் ஐரிஷ் மொழிக்கு இடம் வேண்டும் என்று தேசியவாதிகள் கேட்கிறார்கள். ஹெலன் ஐரோப்பிய அறிவுமரபின் பெயரால் ஒதுங்கி நிற்கிறார். நாவலின் அனுதாபம் முழுவதும் ஹெலன் பக்கம். எதிர்த்தரப்பு குறுகிய மனமும் முரட்டு வாயுமாக வருகிறது. சுதந்திர அயர்லாந்தின் குறுகல் அவர் நூலையே தடைசெய்யப் போகிறது என்பதைக் கருதினால் ஓ'பிரையனின் கசப்பு புரியும். ஆனாலும் 'வளாகத்துக்குள் தமிழில் பேசினால் அபராதம்' என்ற விதியோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு எளிதில் தீராது. கற்பிக்கும் மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்று பிளந்துபோன சிறுமி ஒருத்தி அந்த மடத்திலும் இருந்திருப்பாள். அவளை நாவல் பார்க்கவில்லை.

பார்க்காதவர்கள் இன்னும் உண்டு. அன்றைய பெரிய சபைகளில் துறவியருக்குள்ளேயே இரண்டு தட்டு இருந்தது. சீதனமும் படிப்பும் கொண்டுவந்தவர்கள் பாடல்குழுக் கன்னியர்: அவர்கள் 'மதர்', கற்பிப்பவர்கள். ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் பணிக் கன்னியர்: அவர்கள் 'சிஸ்டர்'. சமையல், சலவை, கதவு திறப்பு எல்லாம் அவர்கள் தலையில். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. இரண்டு நாவல்களிலும் இந்தச் சிஸ்டர்கள் ஓரத்தில் நடமாடுகிறார்கள், அன்பாகவே சித்திரிக்கப்படுகிறார்கள். ஆனால் எவருடைய மனத்துக்குள்ளும் கதை நுழைவதில்லை. நாண்டாவின் வெள்ளைக் கையுறையை யாரோ துவைத்து உலர்த்தித்தானே கொடுத்திருப்பார்கள்?

பாமாவின் 'கருக்கு' அந்தத் துவைக்கும் இடத்திலிருந்து பேசுகிறது. படித்தால் மதிப்பு வரும் என்று அண்ணன் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு முதல் மாணவியாக வருகிற சிறுமி, தந்தை ராணுவத்தில். இங்கும் முதல் வழிகாட்டி வீட்டு ஆண்தான் என்பதைக் கவனியுங்கள். மூன்று நூலிலும் இது தற்செயலாக இருக்க முடியாது. உயர்நிலைப் படிப்புக்காக விடுதிக்குப் போனால், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் வீட்டில் சோறில்லாமல் இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்று ஏசும் வார்டன். கல்லூரியில் பிரிவு விருந்துக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமல் குளியலறைக்குள் ஒளிந்துகொள்ளும் பெண். பிறகு ஆசிரியை, பிறகு துறவி, பிறகு வெளியேற்றம். ஏழைகளுக்காக என்று நம்பிச் சேர்ந்த சபை, பணக்காரப் பிள்ளைகளின் பள்ளியைப் பேணுவதைக் கண்டு வெளியேறுகிறார். வைட்டும் ஓ'பிரையனும் 'பள்ளி இந்தப் பெண்ணை என்ன செய்தது' என்று கேட்டார்கள். பாமா 'இந்தப் பள்ளி எந்தப் பெண்ணுக்கு' என்று கேட்கிறார். அந்தக் கேள்வி வந்து விழுந்த பிறகு மற்ற இரண்டு நாவல்களின் கூடங்களும் முன்புபோல ஒளிர்வதில்லை.

மொழியிலும் அவர் செய்தது பெரிய காரியம். பள்ளியில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் பேச்சையே நூலின் நடையாக்கினார். மடத்துப் பள்ளி தந்த எழுத்தறிவைக் கொண்டு, மடத்துப் பள்ளி ஏற்காத மொழியில் எழுதியது ஓ'பிரையனின் ஐரிஷ் சிறுமிக்கு வாய்க்காத விடுதலை.

இருந்தும் என் அளவுகோலைப் பாமாவுக்காக வளைக்க மாட்டேன். 'கருக்கு'வின் ஊர்ப் பகுதிகள், வேலை, விளையாட்டு, திருவிழா, கலவரம், எல்லாம் காட்சியாக எழுகின்றன. வடைப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பெரியவர் ஒருவரே போதும். மடத்துக்குள் நுழைந்ததும் காட்சி குறைந்து வாதம் கூடுகிறது. சிஸ்டர்கள் பெரும்பாலும் பன்மையில் வருகிறார்கள், தனித்த முகமோ தனித்த குரலோ உள்ளவர் சிலரே. கோபம் நியாயமானது, ஆனால் நியாயமான கோபமும் ஒரு முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் கலையில் நிற்கும். குறிப்பாக, தலித் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியோடு பாடம் சொல்லிக்கொடுத்த ஆண்டுகள் சுருக்கமாகவே கடந்துபோகின்றன. அந்த வகுப்பறைக்குள் என்ன நடந்தது, எந்தப் பாடத்தின்போது எந்தக் கண் விரிந்தது? இதை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவரால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. தன்வரலாற்றுக்கு முழுமை கட்டாயமில்லை என்று பதில் வரலாம், ஏற்கிறேன். இழப்பு இழப்புத்தான்.

தீர்ப்பு என்று கேட்டால்: செய்நேர்த்தியில் 'ஃப்ராஸ்ட் இன் மே' முதலாவது, ஐயமில்லை. ஒரு சொல் மிகையில்லை, நோக்குநிலை ஒருமுறைகூட நழுவவில்லை. துணிவில் 'கருக்கு' முதலாவது. பள்ளியைப் பற்றிய நூல் என்ற முறையில், படித்தலும் படிப்பித்தலும் நடக்கும் இடத்தை எழுதிய நூல் என்ற முறையில், 'தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்'தான் மேல் என்பேன். பாட்டியையும் பிரெஞ்சுத் தொடர்களையும் மொழிப் பிரச்சினையில் அதன் ஒருசார்பையும் பொறுத்துக்கொண்டு. அதன் கடைசிக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் தயக்கத்தோடுதான் அணுகுகிறேன். ஹெலன் ஆர்ச்சர் சபை முழுவதற்கும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு பிரஸ்ஸல்ஸ் புறப்படுகிறார். ஆண்டு 1914. ஆகஸ்டில் அந்த நகருக்குள் ஜெர்மன் படை நுழையும் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். 1941-இல், அதே நகரம் மறுபடி அதே படையின் கையில் இருந்தபோது இதை எழுதிய ஆசிரியருக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி கட்டப்படுகிறது, விடைபெறுதல் நடக்கிறது, அன்னா மேல்படிப்புக்குப் போகத் தயாராகிறாள்.